உடனிருப்பவரும் உடலின் கடிகாரமும்

நோயாளியுடன் மருத்துவமனையில் தங்கும் உறவினர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மருந்தை நீங்கள் எழுதுகிறீர்கள், ஊசியைச் செவிலியர் போடுகிறார். நான் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பதால் என்ன பயன்?" நியாயமான கேள்விதான். அதற்கான விடையின் ஒரு பகுதி, மதுரையில் ஒரு சிறிய வயல் எலியைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில் இருக்கிறது.

வரப்பு வளையில் ஒரு கேள்வி

தென்காசி, குற்றாலம் வட்டாரத்து நெல்வயல் வரப்புகளில் எலி வளைகளைக் காணாதவர் இருக்க முடியாது. தென்னிந்திய வயல்வெளிகளில் இவ்வாறு வளை தோண்டி வாழும் எலிகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று வயல் சுண்டெலி. அதன் எடை பத்துக் கிராம் அளவே இருக்கும். அது பகலில் வளைக்குள் உறங்கும். இரவில் இரை தேடும். குட்டி ஈன்ற தாய் பகலில் வளையில் தங்கிப் பாலூட்டும்; இருட்டியதும் வெளியே செல்லும். கண் திறவாத குட்டிகளோ வெளிச்சம் எட்டாத வளைக்குள்ளேயே கிடக்கும். அவை பகலையும் இரவையும் எவ்வாறு அறிகின்றன?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகாரத்தை ஆராய்ந்த எம். கே. சந்திரசேகரனும் என். விஸ்வநாதனும் இக்கேள்விக்கான விடையை 1985-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஒளியில் பகல், இரவு என்னும் மாற்றமே இல்லாத சூழலில் குட்டிகளை வைத்து, தாயை மட்டும் குறித்த நேரத்தில் அவற்றுடன் விட்டும் பிரித்தும் வந்தனர். குட்டிகளின் உடற்கடிகாரம் தாயின் வரவுக்கும் பிரிவுக்கும் இசைந்து ஓடியது. தாய் உடனிருந்த நேரம் அவற்றுக்குப் பகல். தாய் இல்லாத நேரம் இரவு.

மூளையில் நடப்பது

பாலூட்டிகளின் உடற்கடிகாரத்தின் தலைமையிடம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. எலிகளில் அந்தச் சிறு பகுதியை அழித்தால் ஓட்டம், நீர் அருந்துதல் ஆகியவற்றின் அன்றாட ஒழுங்கு குலைந்துவிடும் என்பது 1972-இல் தெரியவந்தது. இக்கடிகாரம் தானாகவே ஓடும். ஆனால் சரியாக 24 மணி நேரத்துக்கு ஓடுவதில்லை. எனவே நாள்தோறும் அதை வெளியிலிருந்து திருத்த வேண்டும். வளர்ந்த உயிர்களில் அப்பணியைப் பெரிதும் செய்வது ஒளி. ஒளி எட்டாத வளையில் தாயின் இருப்பு அப்பணியைச் செய்கிறது.

பரிணாம நோக்கில் இதன் பயன் எளிதில் விளங்கும். வளையை விட்டு முதன்முறை வெளியேறும் குட்டி நேரம் தவறிப் பகலில் வந்தால் காகத்துக்கும் பருந்துக்கும் இரையாகலாம். தாயிடமிருந்தே நேரத்தைக் கற்றுக்கொண்ட குட்டிக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல்.

இது எலிக்கு மட்டும் உரியதன்று. மதுரையை அடுத்த சமணர் மலைக் குகையில் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வௌவால்களை ஆராய்ந்து, 1981-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். இருண்ட குகைக்குள் அடைத்து வைக்கப்பட்ட வௌவால், மாலைதோறும் வெளியே பறக்கும் தன் கூட்டத்தைக் கொண்டே நேரத்தைக் கணித்தது. கூட்டமாக வாழும் உயிருக்கு, உடன் வாழ்பவையும் ஒரு கடிகாரமே.

நோயாளியின் படுக்கையருகில்

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துதல் ஆகாது. நமக்கும் முதன்மையான கடிகாரத் திருத்தி ஒளியே. உணவு நேரமும் பழகிய மனிதர்களின் நடமாட்டமும் அதற்குத் துணை. மருத்துவமனையில் இம்மூன்றுமே குலைகின்றன. இரவெல்லாம் விளக்கு எரிகிறது. பகலில் திரை மூடியிருக்கிறது. சுற்றிலும் அறியாத முகங்கள்.

முதியவர்களை இது கடுமையாகப் பாதிக்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இரவில் மகனை அடையாளம் தெரியாமல் விழிப்பார். ஊசிக் குழாயைப் பிடுங்குவார். இத்திடீர்க் குழப்பத்தை வயதின் மறதி என்றோ காற்றுக் கருப்பு என்றோ எண்ணி மறைத்துவிடாதீர்கள். கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மருந்தின் விளைவு போன்ற காரணங்கள் பின்னணியில் இருக்கக்கூடும். உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இக்குழப்பத்தைப் பல நேரங்களில் தடுக்கவும் முடியும். அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. இடத்தையும் நாளையும் நினைவூட்டுதல், இரவு உறக்கத்தைக் காத்தல், நடக்கச் செய்தல், கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவித்தல், போதிய நீர் அருந்தச் செய்தல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றோர் ஒழுங்காகச் செய்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 15 விழுக்காட்டினருக்குக் குழப்பம் வந்தது. இம்முறையில் கவனிக்கப்பட்டோரில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. இவற்றுள் பெரும்பாலானவை உடனிருப்பவரால் இயலும் செயல்களே.

நீங்கள் செய்யக்கூடியவை

• காலையில் சன்னல் திரையை விலக்குங்கள். சாரல் காலத்தில் வானம் நாள்முழுதும் மூடியிருந்தால் அறை விளக்குகளைப் போடுங்கள்.

• "இன்று செவ்வாய்க்கிழமை, தென்காசி ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்" என்று இயல்பான பேச்சினூடே நினைவூட்டுங்கள்.

• மருத்துவர் அனுமதித்த உணவை நாள்தோறும் ஒரே நேரத்தில் கொடுங்கள். அனுமதி இருந்தால் பகலில் எழுந்து உட்காரவும் சற்று நடக்கவும் துணை செய்யுங்கள்.

• குற்றாலத்தில் குளித்துவிட்டு இரவில் நலம் விசாரிக்க வரும் உறவினரை மறுநாள் பகலில் வரச் சொல்லுங்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசி ஒலியும் பேச்சும் அடங்கட்டும்.

• உறக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். முதியவர்களுக்கு அதுவே குழப்பத்தை உண்டாக்கலாம்.

• ஒருவரே பல இரவுகள் விழித்திருக்க வேண்டாம். நோயாளி நன்கறிந்த இருவர் மூவர் முறைவைத்து, ஒரே நேரத்தில் மாறிக்கொள்ளுங்கள். உங்கள் உடற்கடிகாரமும் காக்கப்பட வேண்டியதே.

பழகிய குரல் ஒன்று குறித்த நேரத்தில் தவறாமல் கேட்பது, திசை தடுமாறும் மூளைக்கு ஒரு பிடிப்பு. அதை மருந்துச்சீட்டில் எழுதித் தர எங்களால் இயலாது. நீங்கள்தான் தர முடியும்.