மீன் தொட்டியும் நீர்ப்பூண்டும்

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய மாணவர் ஒருவர் எமது வகுப்பறைக்குக் கண்ணாடித் தொட்டியொன்றை அன்பளிப்பாக அளித்தார். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உடைய அத்தொட்டியைக் காலையிற் கழுவிக் கிணற்று நீரால் நிரப்பி, அன்று மாலையே பன்னிரண்டு தங்கமீன்களை அதில் விட்டோம். மாணவர்தம் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. இடைவேளைதோறும் போட்டியிட்டு உணவிட்டனர். பத்து நாள் கழிவதற்குள் ஒன்பது மீன்கள் இறந்தன. அவற்றை வேப்பமரத்தடியிற் புதைத்துவிட்டு வந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது?" என்று வினவினான். வினாக்களின் வகைகளை ஆண்டுதோறும் படிப்பித்து வரும் எமக்கு, அந்த ஒரு வினாவுக்கு விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடி யாம் கற்றவற்றையே இம்மலரில் எழுதத் துணிந்தோம். விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதே அச்சிறுவனுக்குரிய விடை. மீன்களின் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சி அழுகும் உணவிலிருந்தும் அமோனியா என்னும் பொருள் உண்டாகின்றது. நீரிற் கரைந்த அமோனியா கண்ணுக்குப் புலனாகாது. ஆயின், மீனின் பூக்களை அரித்து அதன் உயிரைப் போக்க வல்லது. குளத்தில் நீர் பெரிது, மீன் சிறிது. அன்றியும் அங்கே சேறும் பூண்டும் இருந்து கழிவை ஏற்றுக்கொள்ளுகின்றன. எமது தொட்டியோ ஐம்பத்தாறு லீற்றர் அளவுடையது. அதில் வெறுநீரையன்றி வேறொன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவதாகலின் அதிற் காரத்தன்மை மிகுதி. காரத்தன்மையும் வெப்பமும் கூடிய நீரிலே அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். ஆகவே, எம்மூர்த் தொட்டிகளிற் புதிய மீன் விரைவில் இறப்பது வியப்பன்று.

பழகிய தொட்டியில் மீன்கள் நெடுநாள் வாழ்வது எங்ஙனம்? கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களின் உதவியால் என்க. ஒரு சாரார் அமோனியாவை நைத்திரைற்று ஆக்க, மற்றொரு சாரார் அதனை நைத்திரேற்று ஆக்குகின்றனர். நைத்திரைற்றும் நஞ்சே, நைத்திரேற்று அத்துணைக் கொடியதன்று. இவ்வேலையைச் செய்யும் பற்றீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய அறிஞர் பிரித்தறிந்தார். இவை பெரும்பாலும் நீரில் மிதந்து திரிவனவல்ல. மணலிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டி வாழ்வன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அந்நாட்களிலேதான் நீர் பளிங்கு போலத் தோன்றும். அந்நாட்களிலேதான் மீனுக்கு ஆபத்தும் மிகுதி.

இந்த இடைக்காலத்தில் மீனைக் காப்பன உயிருள்ள நீர்ப்பூண்டுகள். அவை அமோனியாவைத் தமக்கு உணவாகக் கொள்ளுகின்றன. பல நீர்ப்பூண்டுகள் நைத்திரேற்றினும் அதனையே முந்தி உறிஞ்சுவன. அவற்றின் இலையும் தண்டும் பற்றீரியாக்களுக்குக் குடியிருப்பாகின்றன. மேலும், வெளிச்சத்தில் அவை ஒட்சிசனை வெளியிடுகின்றன. நீருள் அமிழ்த்திய இலைகளிலிருந்து வெயிலிற் குமிழிகள் எழுவதையும், இருளில் அவை எழாமையையும் இங்கன்கவுசு என்னும் அறிஞர் 1779இல் எடுத்துக்காட்டினார். இலண்டனில் இரசாயன அறிஞராய் விளங்கிய உவாரிங்றன் என்பார், வலிசுனேரியாவை நட்ட கலத்தில் இரு தங்கமீன்களை வளர்த்துத் தாம் கண்டவற்றை 1850இல் வெளியிட்டார். முதலில் அழுகிய இலைகளால் நீர் கெட்டது. நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று நீரைத் திருத்தின. பூண்டும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி வாழ்தலை அவர் கண்டார்.

இனிச் செய்முறை கூறுவாம். தொட்டியை நேர்வெயில் படாத இடத்தில் உறுதியான மேசைமீது வைக்க. நீர் மாத்திரமே ஐம்பத்தாறு கிலோகிராம் நிறையுடையது என்பதை மறவற்க. ஆற்று மணலைக் கழுநீர் தெளியுமட்டும் அலசி, இரண்டு அங்குலம் பரப்புக. கடற்கரை மணல் ஆகாது; அதிலுள்ள சிப்பித்தூள் நீரின் கடினத்தை மேலும் கூட்டும். மணல்மீது ஒரு தட்டை வைத்து, அதன்மேல் நீரை மெல்ல ஊற்றுக. குளோரீன் இட்ட நீராயின், ஒருநாள் வாயகன்ற பாத்திரத்தில் வைத்திருந்து பயன்படுத்துக.

பூண்டுகளுள் முதலில் ஐதரில்லா போன்ற விரைந்து வளர்வனவற்றை நெருக்கமாக நடுதல் நன்று. விரைந்து வளர்வதே விரைந்து உண்பது. வலிசுனேரியா எமது கடின நீரிலும் செழிக்கும்; வேரை மாத்திரம் புதைத்து, இலை தொடங்கும் குருத்தடியை மணலுக்கு மேலே விடுக. உலகெங்கும் தொட்டிகளை அணிசெய்யும் கிரிப்டோகொரைன் இனங்களுட் சில எமது இலங்கைக்கே உரியன. அவற்றை இடம் மாற்றி நட்டால் இலைகள் கரைந்து போதலும் உண்டு. அதுகண்டு பிடுங்கி எறிதல் தவறு; வேர் இருப்பின் புதிய இலை வரும். நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் வெளிச்சம் போதும். மிகின் பாசி பெருகும். அழுகும் இலைகளை அவ்வப்போது அகற்றுக.

புதிய இலைகள் தோன்றும்வரை, இரண்டு மூன்று வாரமேனும், மீன் விடாது காத்திருத்தல் வேண்டும். பின்னர்க் கப்பி போன்ற சிறு மீன்கள் இரண்டு மூன்றை மாத்திரம் விட்டு, சில நிமிடங்களில் உண்டு முடிக்கத்தக்க அளவே உணவிட்டு, வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றி வருக. அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளந்தறியும் சோதனைத் துளிகள் கடைகளிற் கிடைக்கும். அவ்விரண்டும் இல்லை எனக் கண்ட பின்னரே தொகையைக் கூட்டுக. இரவிற் பூண்டுகளும் ஒட்சிசனையே உட்கொள்ளுமாதலின், பூண்டுண்டு என்று துணிந்து மீனை நெருக்குதல் ஆகாது. விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய்திறந்து நிற்பின் நெருக்கம் மிகுந்தது எனக் கொள்க.

பெருகிய பூண்டைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியற்க. அழகுக்கெனக் கொணர்ந்த ஆகாயத்தாமரை இலங்கை நீர்நிலைகளிற் பரவியமையால், அதனைத் தடுக்க 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. மிஞ்சியதை உலர்த்தி உரக்குழியில் இடுக.

வேப்பமரத்தடியில் மீன் புதைத்த சிறுவனே எமது இரண்டாம் முயற்சியில் பூண்டுகளை நட்டான். வெறும் பூண்டுத் தொட்டியைக் கண்ட பிற வகுப்பினர், "மீனில்லாத மீன்தொட்டி" என்று நகையாடினர். பதினேழாம் நாள் வலிசுனேரியா மணலின்மேல் ஓடிவிட்டு ஒரு கன்று ஈன்றது. அன்று அவன் எம்மைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டினான். நான்காம் வாரத்தில் விட்ட மூன்று கப்பிகளும் பிழைத்தன. பின்னர்க் குஞ்சும் ஈன்றன.

தொட்டி அளிக்க விரும்பும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். திறப்பு விழா நாளன்றே மீன் நீந்த வேண்டும் என்று கேளாதீர்கள். மாணவர் முதலிற் பூண்டை நடட்டும், காத்திருக்கட்டும், மீன் பின்னர் வரும்.