துளையிலிருந்து தொடங்கும் டாலர்

மணி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், வழவழப்பைத் தடவிப் பார்ப்பார்கள். அதை வைத்து டாலர் செய்யப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துளையை. கையால் செய்த ஒரு மணியைச் செம்புச் சட்டத்துக்குள் உட்காரவைக்கும்போது, எந்தத் தடிமனில் கம்பி எடுப்பது, மணி நேராகத் தொங்குமா, ஆடி ஆடிச் சத்தம் போடுமா என்பதையெல்லாம் அந்தத் துளைதான் முடிவு செய்கிறது. கடையில் யாரும் துளையைப் பற்றிப் பேசுவதில்லை; கேட்டால் விற்பவரே விழிப்பார்.

நம் நாட்டில் கைவினை மணிக்குத் துளை விழும் விதம் ஊருக்கு ஊர் வேறு. குஜராத்தின் கம்பாத்தில் கல்லைத் துளைக்கிறார்கள். ரத்தன்பூர்ப் பக்கம் வெட்டியெடுத்த கல்லை வெயிலில் காயப்போட்டு, மண்பானையில் அடுக்கி மெல்லிய தணலில் சுடுவார்கள். கல்லிலுள்ள இரும்பு மாறி, மங்கிய பழுப்பு சூதுபவளச் சிவப்பாகும். பிறகு தரையில் சாய்வாக ஊன்றிய இரும்பு முனையில் கல்லை வைத்து, எருமைக்கொம்புத் தலை போட்ட சுத்தியலால் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்ப்பார்கள். நுனியில் வைரத்துணுக்கு பதித்த மெல்லிய கோலை வில்லால் சுழற்றித் துளையிடுவது கடைசிக் கட்டங்களில் ஒன்று. ஒரு பக்கம் பாதிவரை, மறுபக்கம் மீதி. இரண்டும் நடுவில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் துல்லியமாக நேர்படாது. உள்ளே சின்னதாக ஒரு படி நிற்கும். வாயில் 1 மி.மீ. கம்பி நுழைகிறதே என்று தள்ளினால் பாதியில் சிக்கும். இன்னும் அழுத்தினால் துளையின் விளிம்பு சில்லு தெறிக்கும்.

உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகரில் செய்யும் கண்ணாடி மணியில் இந்தத் தொல்லை இல்லை. களிமண் பூசிய இரும்புக் கோலில் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறியதும் கோலை உருவுகிறார்கள். துளை நேர்தான், ஆனால் கோலின் தடிமனுக்கு அகலம். மெல்லிய கம்பி அதற்குள் லொடலொடவென்று ஆடும். நடுக்கம்பியின் மேல் இன்னொரு நுண்கம்பியைச் சுருளாகச் சுற்றித் துளையை நிரப்பினால் ஆட்டம் அடங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை மண்ணை ஈர நூலால் இழுத்துக் கழுவ மறக்கக் கூடாது.

திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் துளை போடுவதே இல்லை. காற்றுக்குழியோடு கூடிய கண்ணாடிப் பிழம்பை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்குகிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த சிறுமணிகளும் இப்படி இழுத்துச் செய்தவையே. டாலருக்கு நடுநாயகமாக நிற்க அவை சின்னவை, ஓரத்தில் கோக்கலாம்.

என் ஓட்டு கம்பாத்துச் சூதுபவளக் கல்லுக்கு. செம்பும் சிவப்பு, கல்லும் சிவப்பு, ஒன்றையொன்று அமுக்கிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. செம்பைக் கொஞ்சம் கறுக்கவைத்தால் அந்தப் பேச்சு எடுபடாது. கல்லையும் உலோகத்தையும் சேர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் துளையிடாத கல், பாதி முடிந்த மணி எல்லாம் கிடைத்திருப்பதால் அங்கே மணிப்பட்டறை இருந்தது உறுதி. அதே ஊரில் ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்த வெண்கலப் புலியின் உடலில் சூதுபவளம் பதித்திருக்கிறார்கள்.

இரண்டு சென்டிமீட்டர் நீள மணி என்றால், சட்டத்துக்கு 2 மி.மீ. செம்புக் கம்பி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். எலெக்ட்ரிக் கடையில் எர்த்துக்கு விற்கும் வெறும் கம்பியே சரியானது. மோட்டார் காயில் கம்பி பளபளவென்று ஆசைகாட்டும். அதன் மேல் பூச்சு உண்டு, தீயில் காட்டினால் நாற்றமும் புகையும்தான் மிச்சம். கம்பியை மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். எஃகு இப்படிச் செய்தால் விறைக்கும், செம்பு குழையும். கறுத்த மேல்தோல் புளிக்கரைசலில் கழன்றுவிடும். செம்புக் குடம் தேய்த்த வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழைந்த கம்பியை உருண்டைக் கட்டையில் வளைத்து நீர்த்துளி வடிவாக்கி, இரு முனையையும் மேலே சேர்த்துப் பிடியுங்கள். வயிற்றுப் பகுதியை மட்டும் இரும்புப் பட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்க வேண்டும். தட்டத் தட்டச் செம்பு மறுபடி விறைக்கும். அந்த விறைப்பு நமக்கு வேண்டியது, மீண்டும் காய்ச்சிக் கெடுக்காதீர்கள். கழுத்தில் அரை மி.மீ. கம்பியை நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, ஒரு முனையைப் பின்னால் மடித்துத் தொங்கும் வளையமாக்கினால் பற்றவைப்பே தேவையில்லை.

நெருப்பு வேலை அத்தனையும் மணி ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தணலில் மெல்ல மெல்லச் சுட்டபோது தாங்கிய அதே கல், ஊதுகுழல் தீயைத் திடீரென்று காட்டினால் விரிசல் விடும். கண்ணாடி அதைவிட மோசம்.

கறுக்கவைக்க அவித்த முட்டை போதும். நசுக்கி, செம்புச் சட்டத்தோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினால் மஞ்சள் கருவிலிருந்து வரும் கந்தக வாயு வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிறகு பாத்திரம் தேய்க்கும் நாரால் மேடுகளை மட்டும் தேய்த்தால், சுத்தியல் பட்ட பள்ளங்களில் கருமை தங்கும். இனி மணி. 0.8 மி.மீ. கம்பியைச் சட்டத்தின் அடியில் மூன்று நான்கு சுற்று சுற்றி, மணிக்குள் ஏற்றி, கழுத்தில் முடியுங்கள். முனையை உட்பக்கம் மடக்கி அரத்தால் ராவாவிட்டால் சேலை நூலை இழுக்கும்.

செம்பு அணிந்தால் மூட்டுவலி போகும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2013இல் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகளுக்குச் செம்பு வளையம் மாட்டிச் சோதித்தார்கள். வலியோ வீக்கமோ குறைந்ததாகத் தெரியவில்லை. நல்ல வேலைப்பாடுள்ள பொருளுக்கு இந்தப் பொய் எதற்கு? சொல்ல வேண்டிய உண்மை வேறு: கம்பாத்தில் கல் அரைக்கும் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் பலர். விலை பேசும்போது அது நினைவிருந்தால் நல்லது.

வியர்வை பட்டால் செம்பு தோலில் பச்சைக்கறை விடும். சோப்பில் போய்விடும் என்றாலும், சட்டத்தின் பின்புறம் தேன்மெழுகை லேசாகத் தேய்த்துவைத்தால் கறை தாமதமாகும். கோக்க மெழுகு நூலோ தோல்கயிறோ எடுங்கள். பருத்திக் கயிற்றை வளையம் நாளடைவில் அறுத்துவிடும்.