சுருள்வில்லும் சிறு விளக்கும்

சாந்தோம் பேராலயத்தில் கிதார் இசைக்கக் கேட்ட ஒருவர், அதே பாடலை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சந்தினுள் அமைந்த சிறிய ஜெபவீட்டிலும் கேட்பாராயின், இசைத்தவர் ஒருவரே என்று நம்பத் தயங்குவர். அங்கே ஒவ்வொரு நரம்பொலியும் எழுந்து, உயர்ந்த கூரையை அளாவி, மெல்லத் தேய்ந்து மறையும். இங்கே விரலை எடுத்த அளவில் ஒலியும் அற்றுப்போகும். கையும் கருவியும் குறையுடையன அல்ல, குறை அறையினுடையது. அறை கொடாததை ஒரு பெட்டி கொடுக்குமோ எனின், கொடுக்கும். அப்பெட்டியை நம் கையாலேயே செய்துகொள்ளவும் கூடும். அதன் இயல்பையும் செய்முறையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் எதிர்முழக்கம் என்பது யாதென அறிதல் வேண்டும். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். அரங்கில் எழும் ஒலி நேரே செவியை அடைவதோடு, சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுப் பல வழியாக மீண்டும் வந்து சேரும். மீண்டு வரும் ஒலி தனித்துக் கேட்குமாயின் அதனை எதிரொலி என்கிறோம். பல எதிரொலிகள் பிரித்தறிய இயலாதவாறு நெருங்கிக் கலந்து நீளுமாயின் அதுவே எதிர்முழக்கம். இசைவாணர் இதனை ரிவெர்ப் எனச் சுருக்கி வழங்குவர்.

1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய சொற்பொழிவு மண்டபம் ஒன்றில் பேசுவோர் சொல் விளங்காதொழிந்தது. காரணம் காணுமாறு வாலஸ் சபீன் என்னும் இளம் ஆசிரியர் பணிக்கப்பட்டார். அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அம்மண்டபத்திற் பரப்பி, ஆர்கன் குழலொன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி தேய்ந்தொழியும் காலத்தை அளந்தார். அவர் கண்ட விதி எளியது. அறையின் கனஅளவு மிகுமாயின் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள்கள் மிகுமாயின் முழக்கம் குறுகும். இவ்விதியை நம் ஜெபவீட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 6 மீட்டர், அகலம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். உள்ளே திரைச்சீலைகள், பாய்கள், நெருங்கி அமர்ந்த 30 பேர். இவையனைத்தும் ஒலியைப் பருகுவன. கணக்கிடின் முழக்கம் அரை வினாடிக்குச் சற்றே மிகும். பிரசங்கத்திற்கு இது நன்று, பாட்டிற்கோ வறட்சி.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1935இல் லாரன்ஸ் ஹாமண்ட் என்னும் அமெரிக்கர் மின்னார்கனை விற்பனைக்குக் கொணர்ந்தார். பெருங்குழலார்கன் வாங்க வசதியற்ற ஆலயங்கள் பல அதனை விரும்பி ஏற்றன. ஆயின் சிறிய ஆலய அறைகளில் அதன் ஒலி உயிரற்றுக் கேட்டது. முன்னரே பெல் ஆய்வகத்தார் நெடுந்தொலைபேசியில் நேரும் காலத்தாழ்வை ஆராய்வதற்குச் சுருள்வில்லைப் பயன்படுத்தியிருந்தனர். ஹாமண்ட் நிறுவனத்தார் அம்முறையைத் தம் ஆர்கனுக்கு உரியதாக்கினர். பின்னர் அது வடிவிற் சுருங்கிக் கிதாரையும் அடைந்தது. 1961இல் ஃபெண்டர் நிறுவனம் அதனைத் தனிப்பெட்டியாகவே விற்றது. ஆகவே சிற்றாலயங்களின் குறை தீர்க்க வந்த கருவியே பின்னர் மேடையேறிப் புகழ்பெற்றது என்க.

அது தொழிற்படும் வகை வருமாறு. ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் நீளமுள்ள தகட்டுத் தட்டொன்றில் இரு சுருள்வில்கள் கட்டப்பட்டிருக்கும். ஒரு முனையிற் கம்பிச்சுருளும் சிறு காந்தமும் உள்ளன. கிதாரின் மின்குறி அக்கம்பிச்சுருளிற் பாயுங்கால் காந்தம் இப்பாலும் அப்பாலும் நுண்ணிதாகத் திரும்பிச் சுருள்வில்லை முறுக்கும். அம்முறுக்கு அலையாய் ஓடி மறுமுனையை அடைந்து, அங்குள்ள காந்தத்தைத் திருப்பி மீண்டும் மின்குறியாகும். பின்னர் அலை திரும்பியோடி, மறுபடி வந்து, சிறிது சிறிதாகத் தேயும். இவ்வகைத் தட்டில் ஒரு வில்லைக் கடக்க அலைக்கு ஏறத்தாழ 33 மில்லி வினாடியும், மற்றொன்றைக் கடக்க 41 மில்லி வினாடியும் ஆகும். 41 மில்லி வினாடியில் ஒலி காற்றில் 14 மீட்டர் சென்றுவிடும். ஒரு முழ நீளத் தட்டு 14 மீட்டர் அரங்கின் தொழிலைச் செய்யும் மாயம் இதுவே.

இனி, எனக்கு அத்தட்டு வாய்த்த வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். தாங்கல் என்னும் சொல் நீர்நிலையைக் குறிக்கும். அடையாற்றங்கரையிலுள்ள எம்மூர் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பெயருக்கு ஏற்ப நீரில் நின்றது. அவ்வெள்ளத்தில் என் சிறிய தந்தையாரின் கிதார் ஒலிபெருக்கியும் மூழ்கியது. ஞாயிறுதோறும் ஜெபவீட்டில் இசைத்துவந்த அவர், அதன்பின் கிதாரைக் கையில் எடுத்திலர். சென்ற ஆண்டு விடுமுறையில் அவ்வொலிபெருக்கியைப் பரணிலிருந்து இறக்கித் திறந்தேன். மின்சுற்றுப் பலகை முழுதும் பச்சை பூத்து அழிந்திருந்தது. அடியில் உலர்ந்த சேற்றினூடே சுருள்வில் தட்டு கிடந்தது. கழுவித் துடைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். உள்வாங்கும் கம்பிச்சுருள் ஓர் ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும், வெளியிடும் கம்பிச்சுருள் ஏறத்தாழ 200 ஓமாகவும் காட்டின. இரண்டும் அறாதிருந்தன. வில் இரண்டனுள் ஒன்று துருப்பிடித்து அறுந்திருந்தது, ஒன்று எஞ்சியது.

மற்றைப் பொருள்களை ரிச்சி தெருவில் வாங்கினேன். பெட்டிக்குரிய தகட்டை எம்மூர்ப் பட்டறை ஒன்றில் வளைத்துத் தந்தனர். கிதாரின் மின்குறி மிக மெலிதாகலின், முதலில் 10 இலட்சம் ஓம் மின்தடை வாயிலாக டி.எல். 072 என்னும் சில்லுவினுள் அதனை ஏற்றல் வேண்டும். அங்கிருந்து வழி இரண்டாகப் பிரியும். ஒன்று மாற்றமின்றி நேரே செல்லும். மற்றொன்று சிறு மின்தேக்கி ஒன்றினைக் கடக்கும். அம்மின்தேக்கி கீழ்ச்சுருதியைக் குறைக்கும். குறைக்காவிடின் வில்லொலி குழம்பிக் குமுறும். பின்னர் எல்.எம். 386 என்னும் சில்லு மின்னோட்டத்தைப் பெருக்கி, 10 ஓம் மின்தடை வழியாகச் சுருள்வில் தட்டுக்கு அனுப்பும். மறுமுனையில் வெளிப்படுவது சில மில்லி வோல்ட் அளவே; அதனை மீண்டும் நூறு மடங்கு அளவிற் பெருக்கி, நேர்வழி வந்த ஒலியோடு வேண்டிய அளவு கலக்க ஒரு திருகு வைத்தேன். சுருள்வில் தட்டு கிடையாதோர் கரோக்கிப் பெட்டிகளிற் பயிலும் பி.டி. 2399 என்னும் காலத்தாழ்வுச் சில்லுவைக் கொண்டும் எதிரொலி அமைக்கலாம். ஆயின் அதன் ஒலி வேறு.

முதல்நாள் பெட்டியில் இரைச்சலன்றிப் பிறிதொன்றும் கேட்கவில்லை. மின்னிணைப்பு அடாப்டரின் அருகே தட்டின் வெளியிடும் முனை இருந்தமையே காரணம். அம்முனையைத் தொலைவுறத் திருப்பி, தட்டின் அடியிற் பஞ்சு வைத்தபின் இரைச்சல் அடங்கியது.

இரண்டாம் உறுப்பு டிரெமோலோ. நடுங்குதல் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல் இது. சுருதி மாறாது, ஒலியின் வலிமை மட்டும் கூடிக் குறைதலே டிரெமோலோ. வீணையில் நரம்பை அசைத்துச் சுருதியையே ஆட்டும் கம்பிதம் வேறு. அது விப்ராட்டோவிற்கு நெருங்கியது. ஃபெண்டர் நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரிற் சுருதியை ஆட்டும் நெம்புகோலுக்கு டிரெமோலோ எனப் பெயரிட்டனர். பிற்பட்ட ஒலிபெருக்கிகளில் வலிமையை ஆட்டும் உறுப்பிற்கு விப்ராட்டோ எனப் பெயரிட்டனர். பெயர் இரண்டும் இடம் மாறி வழங்குகின்றன. வழக்கில் நிலைத்துவிட்டமையின் இலக்கணம் பயில்வோர் இதனை வழுவமைதி எனக் கொள்க.

1940களில் டிஆர்மண்ட் நிறுவனத்தார் செய்த டிரெமோலோ, மின்னைக் கடத்தும் நீர்மம் அடங்கிய சிறு கலத்தை மோட்டாரால் குலுக்கி, மின்குறியின் ஒரு பகுதியை அவ்வப்போது நிலத்திற்கு வடியச் செய்தது. யான் செய்ததும் அக்கருத்தினதே. நீர்மத்திற்கு மாற்றாக ஒளியைக் கொண்டேன். எல்.இ.டி. விளக்கு ஒன்றும், எல்.டி.ஆர். என்னும் ஒளியுணர் மின்தடை ஒன்றும் கறுப்புக் குழாயொன்றினுள் எதிரெதிரே நோக்கி நிற்கும். இருளில் அம்மின்தடை பல இலட்சம் ஓம். ஒளியிலோ மிகத் தாழும். மற்றொரு சில்லு அவ்விளக்கை வினாடிக்கு 3 முதல் 8 முறை ஒளிரவும் மங்கவும் செய்யும். ஒளிருங்கால் மின்குறி நிலத்திற்கு வடிந்து ஒலி தாழும். மங்குங்கால் ஒலி எழும். ஒளியுணர் மின்தடை உடனே மாறாது சற்றுத் தாமதித்தே மாறும். அத்தாமதமே ஒலியின் ஏற்றத்தாழ்வை வெட்டெனத் தோன்றாது மென்மையாக்குகின்றது.

இரண்டனுள் எது முன் வருதல் வேண்டும்? டிரெமோலோ பின் நிற்பின் முழக்கமும் உடன் அறுபட்டுத் துடிக்கும். முன் நிற்பின் ஒலி தாழும் இடைவெளிகளை முழக்கம் நிரப்பும். யான் பின்னதையே தேர்ந்தேன். ஆயினும் முதல் ஞாயிறன்று திருகை மிகுதியாகத் திருப்பிவிட்டேன். ஆராதனை முடிந்ததும் மூதாட்டி ஒருவர், “தம்பி, பாட்டுக்குக் குளிர்காய்ச்சலா?” என்று வினவினார். அதுமுதல் அத்திருகு கால் பங்கைத் தாண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று கூறாதொழியின் இக்கட்டுரை குறையுடையதாகும். வெள்ளத்தில் நனைந்த மின்கருவியை உலர்ந்ததெனக் கருதி மின்சாரத்தில் இணைத்தல் ஆகாது. பழைய ஒலிபெருக்கிகளின் பெரிய மின்தேக்கிகள் இணைப்பை நீக்கிய பின்னும் உயிர்க்கேடு விளைக்கும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். அறிந்தவர் துணையின்றி அவற்றைத் தொடலாகாது. புதிய பெட்டிக்கு 9 வோல்ட் மின்கலமோ நல்ல அடாப்டரோ போதும்.

பெட்டி முடிந்த மாலை சிறிய தந்தையாரை அழைத்தேன். அவர் நெடுநேரம் வாளா நின்று கேட்டார். பின்னர், “மூன்றாம் நரம்பு சுருதி இறங்கியிருக்கிறது, கொடு” என்று கிதாரை வாங்கிக்கொண்டார். ஒற்றை வில்லாதலின் முழக்கத்திற் சிறிது தகரவொலி உண்டு. புதிய தட்டு வாங்கலாமா என்று கேட்டேன். “இது தண்ணீருக்குத் தப்பினது. இதுவே இருக்கட்டும்” என்றார். இப்போது ஞாயிறுதோறும் அவர் இசைக்கின்றார். பெட்டியைச் சுமந்து செல்வது என் வேலை.