நாடி சொன்ன சேதி

"என்னடி இது, நாற்பது தாண்டினப்புறம் சைக்கிளா?" என்று எதிர் வீட்டு மாமி கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. என் மாமியார்தான் கை கொடுத்தார்.

"ஏன் மாமி, நான் ஓட்டலையா? எங்க புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் வந்தப்போ, 1990க்கு அப்புறம், ஊரே சைக்கிள் கத்துக்கிட்டது. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க! அதில நானும் ஒருத்தி. அவ ஓட்டட்டும்."

இப்படித்தான் ஆரம்பித்தது என் சைக்கிள் சவாரி.

என்னவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஸ்ரீபெரும்புதூரில் குடியிருக்கிறோம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்குவதாக இல்லை. சென்னையில் இருக்கும் என் தம்பி, 'மெட்ராஸ் ரான்டனர்ஸ்' என்ற குழுவினரோடு தொலைதூரம் சைக்கிள் ஓட்டுகிறவன். 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம். கணக்குப் போட்டால் மணிக்குப் பதினைந்து கி.மீ. கூட இல்லை! வேகம் முக்கியமில்லை, கடைசி வரை தாக்குப் பிடிப்பதுதான் முக்கியம் என்பான். தன் பழைய சைக்கிளை எனக்குக் கொடுத்தான்.

முதல் ஞாயிறு, விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினேன். ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் கூட்டம் சேர்ப்பதற்கு முன் போய்த் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம். ஒரே மூச்சாக மிதித்தேன். வல்லக்கோட்டை முருகன் கோயிலை எட்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க அரை மணி ஆயிற்று.

அடுப்பும் குக்கரும்

தம்பி சிரித்தான். "அக்கா, பருப்பு வேக வைக்கிறப்போ அடுப்பை முழுசாத் திறந்து வச்சுட்டே இருப்பியா? சிம்மில வைப்பே இல்லே? உடம்பும் அப்படித்தான்" என்றவன், இரண்டு கருவிகளைக் கொடுத்தான். ஒன்று, நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பட்டை. நிமிஷத்துக்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று காட்டும். கம்பியில்லாமல் இப்படிக் காட்டும் கருவி 1982ல் பின்லாந்தில் வந்தது. இன்னொன்று, பெடலிலேயே பொருத்தியது. கால் எவ்வளவு பலமாக, எவ்வளவு விரைவாக மிதிக்கிறது என்பதை அளந்து 'வாட்' கணக்கில் சொல்லும். மின்சார பல்புக்குச் சொல்வோமே, அதே வாட்தான். சைக்கிளுக்கு இந்த அளவுமானியை 1986ல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் என்ற பொறியாளர் கொண்டு வந்தார்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். வாட் என்பது அடுப்பின் திருகு. திருகின உடனே தீ ஏறும். நாடி என்பது குக்கரின் விசில். அது மெதுவாகத்தான் வரும், மெதுவாகத்தான் அடங்கும். மேம்பாலத்தில் ஏறும்போது நாடியை நம்பினால் ஏமாந்து போவோம். அது ஏறுவதற்குள் கால் சோர்ந்துவிடும். அங்கே வாட்டைப் பார்த்து, கியரைக் குறைத்து, நிதானமாக மிதிக்க வேண்டும். எதிர்க்காற்றிலும் அப்படியே. வேகம் குறைந்தால் குறையட்டும், வாட் ஏறக்கூடாது.

வெயில் ஏறிவிட்டாலோ கதை வேறு. அதே வாட்டுக்கு நாடி படிப்படியாக ஏறும். வியர்வையில் உடம்பின் நீர் குறைகிறது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கும் போகிறது. அதனால் இதயம் கூடுதலாக உழைக்கிறது. அப்போது நாடி சொல்வதைக் கேட்டு, தண்ணீர் குடித்து, மிதிப்பதைக் குறைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது மிக அவசியம்.

இருபது நிமிஷம் என்னால் முடிந்த மட்டும் ஒரே சீராக மிதிக்கச் சொன்னான். சராசரி 120 வாட் வந்தது. அதில் நூற்றுக்கு 95 பங்கு, அதாவது 114 வாட், என் எல்லையாம். நீண்ட தூரம் போக அதில் முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. ஆக, எனக்கு 80 வாட்! நாலு மாதத்தில் 80 வாட்டுக்கு என் நாடி 132ல் நின்றது. பேசிக்கொண்டே ஓட்ட முடிந்தது. எடையும் இறங்கியது.

ஒரு நாள் கணக்கு தப்பியது

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. மழை பெய்து குளிர்ந்த காலை. அதே சாலை, அதே 80 வாட். நாடியோ 150! கருவி கெட்டுப்போயிருக்கும் என்றார் என்னவர். அடுத்த வாரமும் அதே கதை. காலையில் கண் விழித்ததும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். வழக்கமாக 68 இருப்பது 82 ஆகியிருந்தது. தம்பி இந்த முறை சிரிக்கவில்லை. "ஓட்டினது போதும். டாக்டர்கிட்டப் போ அக்கா" என்றான்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மாதவிலக்கு எப்படிம்மா இருக்கு?"

ஆறேழு மாதமாகவே அதிகப் போக்குதான். களைப்பும் இருந்தது. வீட்டு வேலை, குழந்தைகள் படிப்பு, என்னவரின் இரவு ஷிப்டு என்று காரணம் சொல்லிக்கொண்டு நானே ஒதுக்கி வைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது. பிராணவாயுவைச் சுமந்து போவது ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால், அதே வேலைக்கு இதயம் அதிக முறை துடித்தாக வேண்டும். களைப்புக்கு நான் ஆயிரம் சமாதானம் சொல்லலாம். 80 வாட்டுக்கு 150 என்ற கணக்குக்கு என்ன சமாதானம் சொல்வது?

நான் மட்டுமல்ல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை.

அதிகப் போக்குக்குத் தனியாகச் சிகிச்சை. கூடவே இரும்புச் சத்து மாத்திரை. டீ, காபியோடு மாத்திரை சாப்பிட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார் டாக்டரம்மா. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது. நாலு மாதத்தில் 12.1க்கு வந்தது. மறுபடி வல்லக்கோட்டைப் பாதையில் 80 வாட்டுக்கு நாடி 133! அந்தத் தையில் காஞ்சிபுரம் வரை போய்த் திரும்பினேன். எழுபது கி.மீ.க்கு மேல். கடைசிக் கிலோ மீட்டரிலும் மூச்சு வாங்கவில்லை.

கருவி இல்லாவிட்டால்?

பெடல் கருவி விலை அதிகம். அது இல்லாமலே இதைச் செய்யலாம், சகோதரிகளே!

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

வாரம் ஒரு முறை, அதே மாடிப்படியை அதே வேகத்தில் ஏறி, உடனே நாடியை எண்ணுங்கள். படி மாறவில்லை, வேகம் மாறவில்லை, நாடி மட்டும் வாரக்கணக்கில் ஏறியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

நடந்தாலும் ஓட்டினாலும், வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிகிற அளவுதான் நெடுந்தூரத்துக்கு ஏற்றது.

ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு நாடி ஏறாமலே இருக்கும். அவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்ட பிறகே பயிற்சி தொடங்க வேண்டும்.

வீட்டில் எல்லாருடைய நெற்றியையும் தொட்டுப் பார்க்கிறோம். நம் மணிக்கட்டையும் தினம் ஒரு தரம் தொட்டுப் பார்ப்போமே! பதினைந்தே விநாடிதான்.