பாடப்புத்தகத்தில் இல்லாத பூங்கா

ஊஞ்சலுக்கு எவ்வளவு இடம், அதில் எத்தனை பேருக்கு முறை? பழைய டயர்களை வைத்துக் கணக்குப் போட்ட மாணவர்கள்.

இந்தியாவில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த பூங்கா ஒன்று உண்டு. நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர். உட்புறமாகச் சுற்றி 2 மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. அதில் சரளைக்கல் பரப்ப ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்றால் மொத்தச் செலவு எவ்வளவு? பல தலைமுறை மாணவர்கள் இந்தப் பாதைக்குக் கல் பரப்பியிருக்கிறார்கள். அந்தப் பூங்காவில் ஒரு குழந்தையாவது விளையாடியதாகத் தகவல் இல்லை.

மேற்கு வங்கத்தின் கரக்பூரில், 2014-15 வாக்கில், ஐ.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த பூஜா ராய் நண்பர்களோடு அருகிலுள்ள ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போனார். அங்கே அவர் கண்ட காட்சியைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தேய்ந்துபோன செருப்புகளையே மட்டையாக்கி பாட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளையாடும் ஆசைக்குக் குறைவில்லை. விளையாடத்தான் எதுவும் இல்லை. கடையில் விற்கும் சறுக்கும் ஊஞ்சலும் மாணவர்களின் கைக்காசுக்கு எட்டாத விலை. மாற்றுப் பொருள் தேடியபோது அகப்பட்டது, எல்லா ஊரிலும் பஞ்சர் கடை வாசலில் குவிந்து கிடக்கும் பழைய டயர்.

அந்த மாணவர் குழு கட்டிய மைதானமே பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான விளையாட்டுத் திடல்களை அது அமைத்திருக்கிறது. யானை, பேருந்து, பாம்பு என்று டயர்கள் உருமாறி நிற்கும் புகைப்படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். படத்தில் தெரியாதது, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. இது கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே உரிய வித்தையல்ல. எட்டாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர், ஓர் அளவு நாடா, ஒரு கட்டம் போட்ட நோட்டு இருந்தால் எந்தப் பள்ளியிலும் போட்டுப் பார்க்கலாம்.

போட்டுப் பார்ப்போம். பள்ளிக்குப் பின்னால் 15 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள காலி இடம். மொத்தம் 180 சதுர மீட்டர். பயன்படுத்தப் போகிறவர்கள் 40 பேர். இடைவேளை 15 நிமிடம். என்ன வேண்டும் என்று பிள்ளைகளை வரையச் சொன்னால் பெரும்பாலான தாள்களில் முதலில் முளைப்பது ஊஞ்சல். சிக்கலும் அங்கேதான் முளைக்கிறது.

ஊஞ்சல் நிற்கும் இடம் சிறியது. அது ஆடும் இடம் அப்படியல்ல. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, பல நாடுகளில் வடிவமைப்பாளர்கள் புரட்டிப் பார்ப்பது, ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தை முன்னும் பின்னும் காலியாக விடச் சொல்கிறது. கம்பி 2.4 மீட்டர் உயரம் என்றால் முன்னால் 4.8, பின்னால் 4.8, ஆக 9.6 மீட்டர். பக்கவாட்டில் இருபுறமும் 1.8 மீட்டர். இரண்டு பலகைகள் கொண்ட சட்டத்தின் அகலம் 3 மீட்டர் என்றால் மொத்த அகலம் 6.6 மீட்டர். பெருக்கினால் 63 சதுர மீட்டருக்கு மேல். அதாவது, மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் இரண்டே பேருக்காக.

அடுத்து நேரம். ஆளுக்கு 2 நிமிடம் கொடுத்தால், 15 நிமிடத்தில் ஒரு பலகையில் 7 பேர் ஆடலாம். இரண்டு பலகையில் 14 பேர். மீதி 26 பேர் வரிசையில் நின்றபடியே மணியடிப்பதைக் கேட்பார்கள். அந்த 26 பேர் யார் என்பதை எந்தப் பள்ளி ஆசிரியரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். சிறியவர்கள், முட்டி மோதத் தெரியாதவர்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள்.

இப்போது டயரைப் பார்ப்போம். கார் டயரின் விட்டம் சுமார் 60 சென்டிமீட்டர். மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்தால் 40 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். ஏறிக் குதிக்க ஏற்ற உயரம். 10 டயர்களை வரிசையாக நட்டால் நீளம் 6 மீட்டர். நாலா பக்கமும் 1.8 மீட்டர் விட்டாலும் ஏறக்குறைய 36 சதுர மீட்டரில் வேலை முடிகிறது. ஒரே சமயத்தில் பத்துப் பேர். ஊஞ்சலில் ஒரு குழந்தைக்கு 32 சதுர மீட்டர். இங்கே நாலுக்கும் குறைவு.

இதைவிடவும் மலிவான ஒன்று உண்டு: தரையில் கோடு. தமிழில் பாண்டி, தெலுங்கில் தொக்குடு பில்ல, வங்காளத்தில் எக்கா தொக்கா, வடக்கே ஸ்டாபு. பெயர்தான் மாறுகிறது, கட்டமும் ஒற்றைக் காலும் மாறுவதில்லை. மூன்று சதுர மீட்டரில் ஐந்து பேர் ஆடலாம், செலவு ஒரு சாக்பீஸ். தில்லியின் ‘விந்யாஸ்’ அமைப்பைச் சேர்ந்த கட்டடக்கலைஞர்கள் கபீர் வாஜ்பேயியும் பிரீத்தி வாஜ்பேயியும் உருவாக்கிய ‘பாலா’ என்ற திட்டம், பள்ளிக் கட்டடத்தையே பாடக் கருவியாக்குவது. கதவு திறக்கும் தரையில் கோணமானியை வரைந்துவிட்டால், கதவைத் திறக்கும் குழந்தை ஒவ்வொரு முறையும் கோணத்தைத் திறக்கிறது. பாண்டிக் கட்டமும் அந்த வகைச் சொத்துதான்.

அப்படியானால் ஊஞ்சல் வேண்டாமா? இந்த இடத்தில் கணக்கு ஒதுங்கி நிற்க, விவாதம் தொடங்குகிறது. குழு வேலை என்று பள்ளிகளில் சொல்லப்படுவது பல சமயம் ஒருவர் எழுத மூவர் வேடிக்கை பார்ப்பது. இங்கே அது நடக்காது. ஊஞ்சல் கேட்பவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். 63 சதுர மீட்டரை அவனுக்குக் கொடுத்தால் யாருடைய படம் கிழிபடும் என்று அவனுக்கே தெரிகிறது. சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி வகுப்பில் இருந்தால் விவாதம் இன்னும் கூர்மையாகும். சாய்தளத்துக்கு 1:12 விகிதம் வேண்டும். அரை மீட்டர் உயர மேடைக்கு 6 மீட்டர் சாய்தளம். நிலத்தின் அகலத்தில் பாதி. மேடையைக் கால் மீட்டராகக் குறைத்தால் 3 மீட்டர் போதும். குறைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மேடை கேட்டவர்கள்.

இத்தகைய பேரத்தைப் பெரியவர்கள் பேசினால் பெரும்பாலும் கிரிக்கெட் ஜெயிக்கும். ஐரோப்பாவிலும் கதை வேறல்ல. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில், பத்து வயதை ஒட்டிய சிறுமிகள் பூங்காவுக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள் என்று 1990களில் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களின் பெரிய வெட்டவெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, வாலிபால், பாட்மின்டன் இடங்களைச் சேர்த்ததும் சிறுமிகள் திரும்பி வந்தார்கள். யாரையும் விரட்டவில்லை, கோடுகளைத்தான் மாற்றினார்கள்.

நமது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. எவ்வளவு பெரியது என்று இல்லை. யாருக்கு எவ்வளவு என்பது எப்படியும் சட்டத்தில் அடங்காது.

டயரிலும் வம்பு இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு குடியேறும். ஆகவே அடிப்புறத்தில் துளைகள் போட்டாக வேண்டும். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரைத் தள்ளிவிட வேண்டும். கறுப்பு ரப்பர் வெயிலில் சுடும், எனவே வெளிர் நிறப் பெயின்ட். பழைய ரப்பரில் உள்ள ரசாயனங்கள் பற்றிய கவலையும் நியாயமானதே. பெயின்ட் உரிந்ததும் மறுபடி பூச ஆள் வேண்டும். படம் வரைந்த எட்டாம் வகுப்பு இரண்டே ஆண்டில் பத்தாம் வகுப்பாகி டியூஷனில் மறைந்துவிடும் என்பதால், துளை, போல்ட், பெயின்ட் மூன்றையும் சோதிக்கும் பட்டியலைக் கீழ்வகுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும் வடிவமைப்பின் ஒரு பகுதி.

கடைசியில் ஊஞ்சலும் வரலாம், ஒற்றைப் பலகையோடு. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 2 மீட்டர் சங்கிலியில் ஊஞ்சல் ஒருமுறை போய்வர மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். குண்டுப் பையனானாலும் ஒல்லிப் பெண்ணானாலும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். கலிலியோ காலத்து ஊசல் விதி. ஆகவே இரண்டு நிமிடத்துக்குக் கடிகாரம் தேவையில்லை. வரிசையில் நிற்பவர்கள் சத்தமாக எண்ண வேண்டும். நாற்பது வந்ததும் இறங்க வேண்டும். முப்பத்தெட்டு வந்ததும் மறந்ததுபோல் முப்பதிலிருந்து எண்ணும் ஆட்டக்காரரின் நண்பரைக் கவனிக்க மட்டும் ஓர் ஆளைப் போட வேண்டும்.