வலைப்பதிவில் படங்களைக் கோப்புறைகளாக ஒழுங்குபடுத்துதல்

வலைப்பதிவு மென்பொருளில் நாம் ஏற்றும் படம், ஒலி, காணொளி ஆகியவை ஊடகக் கோப்புகள் எனப்படும். பத்துப் படங்கள் இருக்கும்வரை அவற்றை எங்கே வைப்பது என்ற கவலை எவருக்கும் வருவதில்லை. ஆயிரத்தைத் தாண்டிய பிறகு, எழுதுவதைவிடத் தேடுவதற்கே நேரம் போய்விடும்.

2003 மே மாதம் வெளிவந்து இன்றும் பரவலாகப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளை இங்கு எடுத்துக்கொள்வோம். படங்களுக்கு எடுத்துக்காட்டு திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயில். ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், ஆண்டு முழுதும் திருவிழாக்கள் என்றிருக்கும் இக்கோயிலைப் பற்றித் தொடர்ந்து எழுதுபவருக்குப் படங்கள் மலைபோல் குவியும்.

வேர்ட்பிரஸ் தானாகவே கோப்புறைகளை உருவாக்குகிறது. ஆண்டுக்கு ஒன்று, அதனுள் மாதத்துக்கு ஒன்று. அமைப்புகள் பகுதியில் ஊடகம் என்ற பக்கத்தில் இதற்கான தெரிவு உள்ளது. அதை நீக்கிவிட்டால் எல்லாப் படங்களும் ஒரே கோப்புறையில் விழும். இந்த ஆண்டும் மாதமும் படம் எடுத்த நாளைக் குறிப்பவை அல்ல. ஏற்றிய நாளைக் குறிப்பவை. பழைய இடுகையைத் திறந்து அதற்குள் ஏற்றினால் அந்த இடுகையின் தேதி எடுத்துக்கொள்ளப்படும். 236 அடி ராஜகோபுரம் நிறைவடைந்த 1987ஆம் ஆண்டின் படத்தை நீங்கள் 2024 சூனில் வருடி ஏற்றினால், அது 2024/06 என்ற கோப்புறையில்தான் இருக்கும்.

அன்றன்றைக்கு எடுத்த படத்தை அன்றன்றே ஏற்றுபவருக்கும் சிக்கல் உண்டு. மார்கழி மாதம் திசம்பரிலும் சனவரியிலும் பரவி நிற்கிறது. வைகுண்ட ஏகாதசி 2023ஆம் ஆண்டில் இரண்டு முறை வந்தது: சனவரி 2, திசம்பர் 23. 2024இல் ஒரு முறைகூட வரவில்லை. அடுத்தது 2025 சனவரி 10 அன்றுதான். அந்தத் திருவிழாவின் பகல்பத்து முதல் நாள் 2024 திசம்பர் 31. ஆக, பகல்பத்தின் முதல் நாள் ஒரு கோப்புறையிலும், மீதி ஒன்பது நாட்கள் வேறு ஆண்டின் கோப்புறையிலும் கிடக்கும். ஆங்கில நாட்காட்டிக்குத் தமிழ்த் திருவிழா எப்படிக் கட்டுப்படும்?

சரி, நாமே கோபுரம், மண்டபம், திருவிழா என்று கோப்புறைகள் போட்டுப் படங்களை நகர்த்திவிடலாமே என்று தோன்றும். வழங்கிக்குள் நேரடியாகச் சென்று அப்படிச் செய்யவே கூடாது. படத்தின் முகவரி இடுகையிலும் எழுதப்பட்டிருக்கிறது, தரவுத்தளத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பை மட்டும் நகர்த்தினால் இரண்டு இடத்திலும் பழைய முகவரியே நிற்கும். வாசகருக்குப் படத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம் தெரியும். போதாததற்கு, ஒரு படம் என்பது ஒரு கோப்பு அல்ல. 4000 படப்புள்ளி அகலமுள்ள படத்தை ஏற்றினால், மூலத்தோடு 2560, 2048, 1536, 1024, 768, 300, 150 என்ற அளவுகளிலும் பிரதிகள் உருவாகின்றன. மொத்தம் எட்டுக் கோப்புகள். வார்ப்புரு சில அளவுகளைக் கூட்டவும் கூடும்.

ஊடக நூலகத்தில் கோப்புறை வசதியைத் தரும் செருகுநிரல்கள் இருக்கின்றன. ஃபைல்பேர்ட் அவற்றில் ஒன்று. இவற்றில் பலவும் கோப்பை நகர்த்துவதில்லை. இந்தப் படம் இந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று தரவுத்தளத்தில் ஒரு குறிப்பு எழுதிவைப்பதோடு சரி. முகவரி மாறாது, படம் உடையாது. ஆனால் செருகுநிரலை நீக்கினால் படங்கள் இருக்கும், அடுக்கு போய்விடும். இலவசம் என்று சேர்த்துவிட்டுப் பின்னால் அகற்றுபவர்கள் இதை முன்பே நினைத்துக்கொள்வது நல்லது.

கோப்புறைக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. இராப்பத்தில் நம்பெருமாள் எழுந்தருளியிருக்கும்போது எடுத்த ஆயிரங்கால் மண்டபப் படத்தை மண்டபத்தில் வைப்பதா, திருவிழாவில் வைப்பதா? வீட்டு அலமாரியில் ஒரு பொருளுக்கு ஒரு தட்டுதான். குறிச்சொல் அப்படியல்ல, ஒரே படத்துக்கு மூன்று நான்கு ஒட்டலாம். விக்கிமீடியா பொதுவகத்தில் கோப்புறைகளே இல்லை. பகுப்புகளே உள்ளன, ஒரு படம் எத்தனை பகுப்பிலும் இடம்பெறலாம். பெரிய தொகுப்புக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. வேர்ட்பிரஸில் ஊடகக் கோப்புக்குக் குறிச்சொல் இயல்பாக இல்லாததால் அதற்கும் ஒரு செருகுநிரல் வேண்டும்.

எதுவும் வேண்டாம் என்பவர் பெயரிலாவது கவனம் செலுத்தலாம். ஏற்றுவதற்கு முன்பே கணினியில் இடம், பொருள், ஆண்டு, வரிசை எண் என்ற முறையில் பெயரிட வேண்டும். கோப்பின் பெயரை ரோமன் எழுத்தில் வைப்பதே வசதி. தமிழில் வைத்தால் முகவரியில் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக நீண்டுவிடும். 'ரங்கம்' என்ற சொல் மட்டும் 54 எழுத்துகள் ஆகும். தமிழைத் தலைப்பிலும் படவிளக்கத்திலும் எழுதுங்கள். நூலகத் தேடல் அவற்றையும் பார்க்கிறது.

அங்கேயும் நம் ஊர்ப் பெயருக்கு ஒரு தனிச் சங்கடம். ஒருங்குறியில் 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு. கைப்பேசியில் எழுதிய படவிளக்கத்தைக் கணினி விசைப்பலகையில் தேடும்போது ஒன்றும் கிடைக்காமல் போகலாம். 'ரங்கம்' என்று மட்டும் தட்டித் தேடினால், எந்த 'ஸ்ரீ' ஆனாலும் ஸ்ரீரங்கமும் வரும், திருவரங்கமும் வரும்.