மாலை நான்கு மணிக்கு உயரும் வீடு

நாகப்பட்டினத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதிதாக வாங்கிய ஸ்மார்ட் வாட்சில் கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டும் வசதி இருக்கிறது. காலை பத்து மணிக்கு என் வீடு 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு 30 மீட்டரைத் தொடுகிறது. ராத்திரி மறுபடி இறங்கிவிடுகிறது. கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லலாமா?"

வேண்டாம். வாட்ச் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, விளம்பரம்தான் கொஞ்சம் அளந்திருக்கிறது. 'துல்லியமான உயரம்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது ஒரு காற்றழுத்தமானி. உயரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. நம் தலைக்கு மேல் எவ்வளவு காற்று பாரமாக உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியும். கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் எட்டேகால் மீட்டர் ஏறிவிட்டோம் என்று கணக்குப் போடும். நீங்கள் ஏறினீர்களா, காற்று குறைந்ததா என்றெல்லாம் விசாரிக்காது.

நம்மூரில் காற்று தினமும் குறைகிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம். மாலை நான்கு, விடிகாலை நான்கு வாக்கில் பள்ளம். வளிமண்டலத்தில் இருக்கும் ஓசோனையும் நீராவியையும் சூரியன் சூடாக்குவதால் எழும் அலை இது. கடலின் ஏற்ற இறக்கத்தில் நிலாவுக்கு இருக்கும் பெரிய பங்கு இங்கே கிடையாது. உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். எட்டேகாலால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் வீடு ஏறி இறங்கும் கணக்கு வந்துவிடும். குளிர்நாடுகளில் இந்த அலை சிறியது. அடிக்கடி வந்துபோகும் புயல் சின்னங்களில் அது காணாமலும் போய்விடும். ஆகவே அங்கே இப்படி ஒரு கேள்வி எழவே வாய்ப்புக் குறைவு.

சரி, முள் வைத்த உயரமானிகளில் காற்றின் பாரம் எப்படி முள்ளின் அசைவாகிறது? மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்காமல் வைத்திருந்தால், ஊட்டியில் இறங்கும்போது அது வெடித்துவிடுவேன் என்று உப்பிக்கொண்டு நிற்கும். சமவெளியில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் அடைத்த வாயு உள்ளே இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளியே அழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. உள்ளே இருப்பது தள்ளுகிறது, வெளியே தடுக்க ஆள் பலம் போதவில்லை.

ஆல்டிமீட்டர் எனும் உயரமானியும் இதேதான். பாக்கெட்டின் வயிற்றில் ஒரு குச்சியை ஒட்டி, மறுமுனையை ஒரு முள்ளோடு இணைத்து, பின்னால் கல்லாறு, பர்லியார், குன்னூர், ஊட்டி என்று எழுதிய வட்ட அட்டையை வைத்துவிட்டால் போதும். எந்த ஊர் வந்தது என்று கண்டக்டரைக் கேட்க வேண்டியதில்லை. சிக்கல், ஜன்னல் வழியாக வெயில் அடிக்கும்போது. உள்ளே இருக்கும் வாயு சூடாகி விரிய, பர்லியாரில் நிற்கும் பஸ்ஸைக் குன்னூர் என்று முள் அறிவித்துவிடும். பாக்கெட்டுக்கு வெப்பமும் உயரமும் ஒன்றுதான்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வைத்தியம், உள்ளே இருக்கும் வாயுவையே உறிஞ்சி எடுத்துவிடுவது. வாயு இல்லையென்றால் சூட்டில் விரிய எதுவும் இல்லை. ஆனால் வாயுவை எடுத்த பாக்கெட் சப்பையாக ஒட்டிக்கொள்ளுமே? அதனால் பிளாஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு. நடுவிலிருந்து விளிம்புவரை வட்ட வட்டமாக மடிப்பு விட்டு அழுத்தி, விளிம்பை ஒட்டிவிடுகிறார்கள். வெளிக்காற்று நசுக்கப் பார்க்கிறது, உலோகத்தின் விறைப்பு நிமிரப் பார்க்கிறது. மலை ஏற ஏற நசுக்கும் கை தளர்கிறது, தகடு நிமிர்கிறது. உலோகமும் சூட்டில் துளி இளகும்தான். அதைச் சரிக்கட்ட, இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டையை இணைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு பாக்கெட்டின் அசைவு போதாதென்று இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் உண்டு.

என்னதான் அடுக்கினாலும் மொத்த அசைவு சில மில்லிமீட்டர்தான். விமானத்தின் காக்பிட்டில் மூன்றே அரைக்கால் அங்குல ஓட்டைக்குள் உட்காரும் அந்தக் கருவியில், அந்தச் சில மில்லிமீட்டரைக் கொண்டு நீள முள் ஆயிரம் அடிக்கு ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். 35,000 அடி ஏறினால் முப்பத்தைந்து சுற்று. நெம்புகோலும் பற்சக்கரங்களும் அதைப் பார்த்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. தரைப்பக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 27 அடி. 18,000 அடியில் ஏறத்தாழ 50 அடி. 36,000 அடியை நெருங்கும்போது நூறைத் தொடப் பார்க்கும். அதாவது மேலே போகப் போக ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் தகடு அசையும் அளவு குறைந்துகொண்டே வரும். முள்ளோ எல்லா ஆயிரத்துக்கும் ஒரே அளவு சுற்றியாக வேண்டும்.

இதைச் சாதிப்பது நெம்புகோலின் கோணமும் தகட்டு மடிப்பின் வடிவமும். தகடு நிமிரும்போது இணைப்புத் தண்டு சாய்ந்துகொண்டே போகிறது. சாயச் சாய, அதே அசைவுக்குப் பற்சக்கரம் கூடுதலாகத் திரும்புகிறது. தகடு சோம்பும் அளவுக்குத் தண்டு ஈடுகொடுக்கிறது. பள்ளியில் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்ட மடக்கைக் கணக்கை இங்கே ஒரு சாய்ந்த தண்டு, மின்சாரம்கூட இல்லாமல், போட்டுக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று எதற்கெடுத்தாலும் பெயர் வைப்பவர்கள் இந்தத் தண்டை ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, உராய்வில் சிக்கி நிற்கும். அதனால்தான் பழைய விமானிகள் கண்ணாடியை விரலால் தட்டிவிட்டுப் படிப்பார்கள். பிறகு சில விமானங்களில் தட்டுவதற்கென்றே அதிர்வுக் கருவியை உள்ளே வைத்தார்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியர் 1648இல் பிரான்சில் பூய் தெ தோம் மலைமேல் பாதரசக் குழாயைச் சுமந்துபோய், மேலே பாதரசம் இறங்குகிறது என்று காட்டினார். 1844இல் லூசியன் வீடி காற்றகற்றிய உலோகப் பெட்டியைக் கொண்டுவந்தார். பால் கோல்ஸ்மன் 1928இல் விமானத்துக்கு ஏற்ற துல்லியமான ஆல்டிமீட்டரைச் செய்தார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய காக்பிட்டில் உட்கார்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து மேலேறி, சுற்றி, தரையிறங்கினார்.

கோல்ஸ்மனின் கருவியில் ஒரு திருகு உண்டு. பாக்கெட்டை எங்கே அடைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தானே அது உப்புவதும் சுருங்குவதும்? ஊட்டியில் அடைத்ததை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுவந்தால் சப்பிப்போகும். அந்தத் தொடக்கப் புள்ளியை மாற்றிக்கொள்ளத்தான் திருகு. இறங்கப்போகும் விமான நிலையம் அந்த நேரத்து அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு வானொலியில் சொல்லும். விமானி திருகி அந்த எண்ணை வைத்தால், ஓடுபாதையில் இறங்கி நிற்கும்போது முள் அந்த நிலையத்தின் உயரத்தைக் காட்டும். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே போனதும் எல்லா விமானங்களும் கீழே உண்மையான அழுத்தம் எதுவானாலும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துவிட வேண்டும். ஆகவே 35,000 அடியில் பறக்கிறோம் என்று விமானி அறிவிக்கும்போது நிஜ உயரம் ஆயிரம் அடி கூடக்குறைய இருக்கலாம். பக்கத்து விமானத்திலும் அதே தப்பு அதே அளவில் இருப்பதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி தப்பாக இருப்பது இங்கே பாதுகாப்பு.

தப்பு ஒரே ஒரு விமானத்துக்குள் மட்டும் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை 1996 அக்டோபர் 2 காட்டியது. பெருவின் லிமாவிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பிய ஏரோபெரு 603, ஒரு போயிங் 757. விமானத்தைக் கழுவித் துடைத்தவர்கள், தண்ணீர் போகாமல் இருக்க, உடம்பின் பக்கவாட்டில் வெளிக்காற்று நுழையும் சிறு துளைகளில் பசை டேப் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியதை எடுக்க மறந்துவிட்டார்கள். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடிய பாக்கெட் எந்த மலைக்குப் போனாலும் உப்புமா? உயரம், வேகம் எல்லாமே உளறத் தொடங்கின. கீழே இருட்டுக் கடல். விமானிகள் தரைக்கட்டுப்பாட்டு அறையிடம் எங்கள் உயரம் என்ன என்று கேட்டார்கள். அங்கிருந்தவர் திரையைப் பார்த்துச் சொன்னார். அந்த எண் இவர்களுடைய கருவியிலிருந்தே அவர் திரைக்குப் போனது. ராடார் உயரத்தை அளப்பதில்லை, விமானம் அனுப்புவதைத்தான் எழுதிக் காட்டுகிறது. தரை நெருங்குகிறது என்று காக்பிட்டில் ஓர் எச்சரிக்கைக் குரல் கத்திக்கொண்டே இருந்தது. கீழே ரேடியோ அலை அனுப்பி எதிரொலியை அளக்கும் வேறொரு கருவியின் குரல் அது. அது ஒன்றுதான் உண்மையைச் சொன்னது. முள் ஒன்பதாயிரம் அடிக்கு மேலே காட்டிக்கொண்டிருக்க, விமானம் கடலில் விழுந்தது. இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

உடனே அந்த ரேடியோ ஆல்டிமீட்டர்தான் உத்தமம் என்று முடிவு கட்ட வேண்டாம். அது தரைக்கு மேல் சுமார் 2,500 அடிவரைதான் பேசும். 2009 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கவிருந்த துருக்கி விமானத்தில் அது வானத்தில் இருக்கும்போதே மைனஸ் 8 அடி என்றது. தரை வந்துவிட்டதாக நம்பிய தானியங்கி, எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

'ஜிபிஎஸ் இருக்க இந்தப் பழங்காலத் தகடு எதற்கு?' என்று கேட்பவர்களுக்கும் நாகப்பட்டினமே பதில். செயற்கைக்கோள்கள் உயரத்தை அளப்பது, பூமியின் உருவத்துக்கு ஏறத்தாழப் பொருந்தும் ஒரு கற்பனை நீள்வட்டத்திலிருந்து. நிஜக் கடல் மட்டம் ஈர்ப்பு இழுக்கும் இடத்தில் நிற்கும். உலகத்திலேயே அது மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்; நீள்வட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே. தமிழகக் கரையிலும் ஏறத்தாழ 90 மீட்டர் பள்ளம். இந்தத் திருத்தத்தைச் சேர்க்காத செயலியில் பார்த்தால் நாகப்பட்டினம் மொத்தமும் மைனஸ் 90 மீட்டரில் கிடக்கும். பதறி மூட்டை கட்ட வேண்டியதில்லை. திருத்தம் சேர்த்தாலும், செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால், போனின் ஜிபிஎஸ் உயரத்தில் பக்கவாட்டைவிடப் பிழை அதிகம்.

வாசகரின் வாட்சுக்குள் இருப்பது வீடியின் பெட்டிதான். இரண்டு மில்லிமீட்டர் சிலிக்கான் சில்லில், காற்றகற்றிய குழிக்கு மேல் போர்த்திய ஒரு சவ்வு. அரை மாடி ஏறினால் கண்டுபிடித்துவிடும். எவ்வளவு ஏறினோம் என்பதில் கெட்டிக்காரன், எங்கே இருக்கிறோம் என்பதில் சொன்னதை நம்பும் அப்பாவி. ஆகவே அதற்கு அடிக்கடி சொல்லிக்கொடுங்கள். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்துக்கு மேல் உயரம் எழுதியிருக்கும். மலை ஏறும் நாளில் அடிவார நிலையத்தில் அந்த எண்ணை வாட்சில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மாலைநேர முப்பது மீட்டரைத் தாண்டி, வீடு நூறு மீட்டர் ஏறிவிட்டது என்று அது சொன்னால், கடைக்காரரிடம் போகாதீர்கள். அழுத்தம் பன்னிரண்டு ஹெக்டோபாஸ்கல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்துவிட்டு, வானிலை மையம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.